காலை ஜெபத்தில் அக்காவின் முறை

பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் காலையில் கடவுளிடம் எதையாவது கேட்டால் சாயங்காலத்துக்குள் கிடைத்துவிடும். உலகத்தில் வேறு எங்கும் இந்த வேகம் கிடையாது. பெரிய பெரிய ஆலயங்களில் வருஷக்கணக்காக முழங்காலில் நின்றும் பதில் வராதவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இங்கே ஒரு தையல்காரி எழுந்து நின்று, "பரலோகத் தகப்பனே, மூன்றாவது வரிசை மின்விசிறி இரவும் பகலும் முனகுகிறது, அதற்கும் ஒரு விடுதலை தாரும்" என்று சொன்னால் போதும். மதியச் சாப்பாடு முடிவதற்குள் ஏணியும் கையுமாக எலெக்ட்ரீஷியன் வந்து நிற்பார்.

இதில் அற்புதம் ஒன்றும் இல்லை. ஜெபம் நடக்கும்போது முதலாளி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

இயந்திரங்களை ஓடவிடுவதற்கு முன்னால் தினமும் ஜெபம். அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு. வரிசைப்படி ஒவ்வொரு நாளும் ஒருவர் ஜெபிக்க வேண்டும். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் சரி, விருப்பமில்லை என்றால் முறையை அடுத்தவருக்குத் தந்துவிடலாம். முதலாளி கட்டாயப்படுத்த மாட்டார். ஆனால் குறை என்று சொல்லிக்கொண்டு ஆபீஸ் அறைக்கு யாராவது போனால் மனிதர் முகம் வாடிவிடும். "நாம எல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்துல யாராவது புகார் குடுப்பாங்களா?" என்பார். கேட்டவளுக்கே பாவமாகிவிடும், அவள் அவரைச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பி வருவாள். அதே விஷயத்தை ஜெபத்தில் வைத்தால் கதையே வேறு. கடவுள் தன் காதில் விழும்படி செய்திருக்கிறார் என்று அவர் மனதார நம்பினார். நம்பியதை உடனே செய்தும் முடித்தார்.

தையல் தளத்தின் மேற்பார்வை அக்காவின் கையில். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். முதலாளிக்கு மட்டும் அவள் தங்கச்சி, கூடப் பிறந்த ஒரே தங்கச்சி. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே புருஷனைப் பறிகொடுத்து வந்தவளை அண்ணன் ஒரு கேள்வி கேட்கவில்லை. தொழிற்சாலையின் மேல்மாடியில் இருந்த வீட்டில் தெருப்பக்கத்து அறையைக் காலி செய்து கொடுத்தார். அன்றிலிருந்து அண்ணன், அண்ணி, அவள் என்று மூன்று பேர் அங்கே இருக்கிறார்கள்.

புதிதாகச் சேருகிறவளுக்கு ஊசி மாற்றக் கற்றுக்கொடுத்த கையோடு அக்கா ஜெபிக்கவும் கற்றுக்கொடுப்பாள். "எடுத்த எடுப்புலயே கேக்கக் கூடாது. முதல்ல நன்றி சொல்லணும். தூங்கி எழுந்ததுக்கு, பஸ் கிடைச்சதுக்கு, எல்லாத்துக்கும் நன்றி. அப்புறம் நோயாளிங்க, ஏழைங்க, நாட்டை ஆளுறவங்க. கடைசியாத்தான் உன் விஷயம். அதுவும் ஒண்ணே ஒண்ணு. ரெண்டு கேட்டா ரெண்டும் கோவிந்தா."

இந்தக் கலையில் கத்தரி மாமாவை மிஞ்ச ஆள் கிடையாது. வெட்டுமேஜையில் துணி வெட்டுகிறவர். அவருக்கும் ஆலயத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வீட்டில் அவர் கும்பிடுவது வேறு சாமி. ஆனாலும் முறை வந்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டு உருக்கமாக ஆரம்பிப்பார். "சகலமும் அறிந்தவரே, உமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. இருந்தாலும் அடியேன் ஞாபகப்படுத்துகிறேன். ஆண்கள் கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்து வெகு காலமாகிறது. மனுஷனுக்கு வெட்கத்தைக் கொடுத்தவரே, அதைக் காப்பாற்றவும் வழி செய்யும்." அன்று சாயங்காலமே தாழ்ப்பாள் போட்டாயிற்று. வேலை நேரத்தில் ரேடியோ வேண்டும் என்று ஒருத்தி கேட்டபோது எழும்பிய ஆமெனில் கூரைத் தகரம் அதிர்ந்தது. ரேடியோ வந்தது. பக்திப் பாட்டு மட்டும்தான் போட வேண்டும் என்ற கட்டளையும் கூடவே வந்தது. "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க" என்று கத்தரி மாமா முணுமுணுத்தார்.

இதை வைத்து முதலாளியைப் போலி என்று யாராவது நினைத்தால் அது பெரிய அநியாயம். அவர் சின்ன வயதில் பட்ட பசி அப்படி. அப்பா நூற்பாலையில் வேலை பார்த்தவர். சங்கம் வேலைநிறுத்தம் செய்தது, ஆலை முதலாளி கதவைப் பூட்டினார், மாதக்கணக்கில் திறக்கவே இல்லை. வீட்டில் அடுப்பு எரியாத அந்த நாட்களில் ஆலயத்தின் பின்கட்டில் மதியம் ரொட்டியும் சூப்பும் கொடுத்தார்கள். அப்பா வெட்கப்பட்டுக்கொண்டு தெருமுனையிலேயே நின்றுவிடுவார். தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பது அண்ணன் வேலை. பெரிய துண்டு ரொட்டியை அவளிடம் கொடுத்துவிட்டுத் தனக்குப் பசிக்கவில்லை என்பார். அப்போதே அந்தப் பையன் மனதில் இரண்டு விஷயங்கள் ஊன்றிவிட்டன. ஒன்று, தான் முதலாளி ஆனால் தன்னிடம் யாரும் கத்திக் கேட்கிற நிலை வரக் கூடாது. இன்னொன்று, சங்கம் என்றால் பட்டினி.

அண்ணி வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். "உங்க அண்ணன் கடவுளுக்கு வர்ற தபாலை எல்லாம் இவரே பிரிச்சுப் படிச்சு இவரே பதில் போடுறாரு" என்று அக்காவிடம் சொல்லிச் சிரிப்பாள். அக்காவும் சிரிப்பாள். பூச்சி விழுந்த நாள்வரை அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

பூச்சி என்பது தோள்பட்டை வாருக்குக் கொக்கி பொருத்துகிற பெண். வாயில்லாப் பூச்சி என்று யாரோ சொல்லப்போய் அதுவே பெயராகிவிட்டது. முறை வந்தால் தலையை ஆட்டி அடுத்தவளுக்குத் தள்ளிவிடுவாள். அவளுடைய வேலை நின்றுகொண்டே செய்கிற வேலை. வயிறு பெரிதாகிவிட்ட பிறகும் அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள். அக்கா அதைப் பார்க்காமல் இல்லை. ஸ்டோர் அறையில் ஒரு நாற்காலி சும்மா கிடந்தது. அதைத் தூக்கி வந்து போட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தளத்தில் எதுவும் அப்படி நடந்து பழக்கமில்லை. "அடுத்த வாரம் உன் முறை வருது. தள்ளிவிடாதே. நாற்காலி வேணும்னு நீயே கேளு, நான் சொல்லித் தரேன்" என்றாள் அக்கா. சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் உட்காரவைத்து வரி வரியாகச் சொல்லியும் கொடுத்தாள்.

முறை வந்தது. பூச்சி எழுந்து நின்றாள். "நன்றி ஆண்டவரே" என்றாள். உதடு துடித்தது, கழுத்து வியர்த்தது, மேற்கொண்டு ஒரு வார்த்தை வரவில்லை. "ஆமென்" என்று சொல்லிவிட்டுத் தன் மேஜைக்கே போய் நின்றுகொண்டாள். அடுத்து வந்த வெயில் நாளில், வேலை முடிகிற நேரத்துக்கு, கொக்கிகள் சிதற அப்படியே தரையில் சரிந்தாள்.

குழந்தை முன்கூட்டியே பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். மருத்துவமனைச் செலவு முழுக்க அண்ணன் பார்த்துக்கொண்டார். தாழ்வாரத்துப் பெஞ்சில் நாள் முழுவதும் உட்கார்ந்து ஜெபித்தார். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் கையை அசைத்ததைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுதுகொண்டே அக்காவிடம் சொன்னார்: "ஒரு நாற்காலிதானே! ஜெபத்துல ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பத்து நாற்காலி வாங்கிப் போட்டிருப்பேனே!"

அக்காவுக்கு அண்ணன்மேல் அதுவரை கோபமே வந்ததில்லை. அன்று வந்தது. தன்மேல் வந்த கோபம் அதைவிடப் பெரிது.

சில நாள் கழித்துப் பாட்டுக்காரி அவளைத் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் கூப்பிட்டாள். அவள் முதல் வரிசைத் தையல்காரி. சபைப் பாடகர் குழுவில் பாடுகிறவள். "அக்கா, நாங்க சங்கம் வைக்கப் போறோம்."

"மெதுவாப் பேசு. அண்ணன் காதுல விழுந்தா நொந்து போயிடுவாரு."

"அவரு நல்லவருதான், நான் இல்லேன்னு சொல்லலையே. ஆனா நல்லவரு ஊர்ல இல்லாத அன்னைக்கு நாங்க என்ன பண்றது? பேச வராதவங்க என்ன பண்றது? முதலாளிகிட்ட கேக்க வேண்டியதைக் கடவுள்கிட்ட கேட்டுக் கேட்டு, கடவுள்கிட்ட கேக்க வேண்டியது எதுன்னே எனக்கு மறந்து போச்சு. ஞாயித்துக்கிழமை ஆலயத்துல முழங்கால் போட்டா மின்விசிறிதான் ஞாபகத்துக்கு வருது."

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "இப்ப நான் என்ன பண்ணணுங்கிற?"

"சட்டப்படி அவரு அனுமதி தேவையில்ல. விசாரிச்சுட்டோம். ஆனா அவருக்குத் தெரியாமப் பண்ண யாருக்கும் மனசு வரல. நீங்கதான் சொல்லணும்."

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவர் அண்ணன் வீட்டுப் படியேறினார். நகராட்சித் தேர்தல் வருகிறது, நல்ல மனிதர்கள் அரசியலுக்கு வர வேண்டும், சண்டை சச்சரவு இல்லாமல் ஜெபத்தால் நடக்கிற தொழிற்சாலையைப் பற்றி ஊரே பேசுகிறது, நீங்களே வேட்பாளர் என்றார். சபை ஓட்டு மொத்தமும் உங்களுக்குத்தான் என்றும் போகிறபோக்கில் சொல்லி வைத்தார். சனிக்கிழமை காலை போதகரையும் படம் எடுக்கிறவரையும் கூட்டிக்கொண்டு ஜெபத்தைப் பார்க்க வருவதாக ஏற்பாடு.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. இரவுச் சாப்பாட்டில் கண் பளபளக்கப் பேசினார். "நம்ம தொழிற்சாலை மாதிரியே ஊரையும் நடத்தலாம். கூட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஜெபம். குறை இருக்கிறவங்க ஜெபத்துலயே சொல்லட்டும். சண்டை ஏன் வரப்போகுது?"

"ஊர் முழுக்க ரோட்டுல குழி" என்றாள் அண்ணி. "அத்தனை பேரும் நம்ம வாசல்ல கண்ணை மூடிக்கிட்டு வந்து நின்னா நான் எப்படிக் கடைக்குப் போறது, எப்படிக் குப்பை கொட்டுறது?"

அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "சனிக்கிழமை நீ ஜெபம் பண்ணு தங்கச்சி. நீ சொன்னா உருக்கமா இருக்கும்."

அண்ணன் கை கழுவப் போனதும் அக்கா சமையலறையில் அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அண்ணி தட்டுகளைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "சொல்லிடு" என்றாள்.

"நீங்க சொல்லுங்களேன் அண்ணி."

"நான் சொன்னா 'இவ எப்பவும் இப்படித்தான்'னு எழுந்து போயிடுவாரு. நீ சொன்னா வலிக்கும். வலிச்சாத்தான் கேப்பாரு."

வலிக்கும் என்பதுதான் அக்காவின் பயம். அண்ணன் திட்டினால் வாங்கிக்கொள்வாள். அவர் திட்ட மாட்டார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போவார். அதன் பிறகு ஒரே வீட்டில் இரண்டு பேரும் வருஷக்கணக்காக மரியாதையாகப் பேசிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அவளுக்கு அண்ணனை விட்டால் வேறு நாதி கிடையாது. அவர் மனதில் இடம் போய்விட்டால் அந்தத் தெருப்பக்கத்து அறை இருந்து என்ன, இல்லாமல் என்ன? ஆனால் சொல்லாமல் விட்டாலோ, அடுத்த வாயில்லாதவளுக்கும் அவளேதான் வரி வரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிவரும்.

சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கக் கூடாது என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. வெளியாள் முன்னால் அண்ணன் தலை குனிவதைப் பார்க்க அவளால் ஆகாது.

வெள்ளிக்கிழமை முறை கத்தரி மாமாவுடையது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தபோது அக்கா நடுவில் வந்து நின்றாள். "இன்னைக்கு என் முறை மாமா."

மேற்பார்வையாளர்கள் ஜெபித்து யாரும் பார்த்ததில்லை. தளத்தில் சின்னச் சலசலப்பு எழுந்தது. அண்ணனுக்கு மட்டும் ஏக மகிழ்ச்சி. நாளைக்கு ஒத்திகை பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் போலும். கைகளைக் கோர்த்து, தலையைச் சாய்த்து, கண்ணை மூடினார்.

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். காதருகே நரை ஏறியிருந்தது. யாருக்கு என்ன தேவையோ, சொல்லுங்கள், செய்கிறேன் என்று அந்த முகம் காத்திருந்தது. அவ்வளவு நல்ல முகம்.

"அண்ணே" என்றாள். "கண்ணைத் திறங்க."

அவர் திறக்கவில்லை. "ஜெபத்துக்கு நடுவுல என்னம்மா?" என்றார் மெதுவாக.

"இது ஜெபம் இல்லண்ணே. உங்ககிட்ட பேசணும். கண்ணைத் திறங்க."

திறந்தார். திறந்ததும் அவர் பார்த்தது அக்காவை அல்ல. அவளுக்குப் பின்னால், வரிசை வரிசையாக, அத்தனை பேரும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்காரி ஒருத்திதான் கண்ணை மூடியிருந்தாள்.

"யாரும் கண்ணை மூடலையா?"

கத்தரி மாமாவுக்குப் பொய் வராது. அதுவும் நேருக்கு நேர் கேட்டால் வரவே வராது. "கண்ணை மூடினா உங்க முகம் எப்படித் தெரியும் முதலாளி?" என்றார். "தலை ஆடினா கிடைக்கும். புருவம் சுருங்கினா அடுத்த முறை வேற மாதிரி கேக்கணும். பாத்தாத்தானே தெரியும்."

"அப்ப இத்தனை வருஷமா நீங்கல்லாம் யாருகிட்ட ஜெபம் பண்ணீங்க?"

"உங்ககிட்டதான்" என்றார் கத்தரி மாமா. எதற்காக இதைப் போய்க் கேட்கிறார் என்று அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "தாழ்ப்பாள் போட்டுக் குடுத்தது நீங்கதானே?"

அண்ணன் பக்கத்திலிருந்த துணிக்கட்டின்மேல் உட்கார்ந்தார். சாப்பிடுவதற்கு முன், படுப்பதற்கு முன், கதவைப் பூட்டுவதற்கு முன் என்று எல்லாவற்றுக்கும் ஜெபிக்கிற மனிதர். ஆலயத்தில் முன்வரிசை கொடுத்தாலும் கடைசியில் போய் உட்காருகிறவர். கடவுளுக்குரிய இடத்தில் இத்தனை காலமாகத் தான் நின்றுகொண்டிருந்ததையும், அதைத் தெரிந்துகொள்ளாமல் ஆனந்தமாகத் தலையாட்டிக்கொண்டிருந்ததையும் யாரோ அவருக்குக் கண்ணாடி பிடித்துக் காட்டியதுபோல் இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். "பூச்சிக்கு ஜெபிக்க வரலண்ணே. அதனால அவளுக்கு நாற்காலி கிடைக்கல. நானும் போடல. நல்லாப் பேசுறவங்களுக்கு ரேடியோ, பேச வராதவங்களுக்கு ஆஸ்பத்திரி. இது உங்க குத்தம் மட்டும் இல்ல, சொல்லிக்குடுத்தது நான்தான். ஆனா இனிமே இது வேண்டாம். இவங்க சங்கம் வைக்கிறாங்க. அனுமதி கேக்கல. உங்களுக்குத் தெரியாமப் பண்ண மனசு வராம, உங்க முகத்தைப் பாத்துச் சொல்றோம்."

"சங்கமா?" அவர் குரல் சின்னப் பையனின் குரல்போல் இருந்தது. "அப்பா பட்ட பாட்டை மறந்துட்டியா? நாம ரொட்டிக்கு நின்னதை மறந்துட்டியா?"

"மறக்கலண்ணே. உங்க பங்கையும் சேத்துத் தின்னவ நான், எப்படி மறப்பேன்? ஆனா நம்மளப் பட்டினி போட்டது சங்கம் இல்ல. கதவைப் பூட்டினவரு. அவரும் நம்ம ஆலயத்துக்குத்தான் வருவாரு. முதல் வரிசையில உக்காருவாரு. நாம பின்கட்டுல ரொட்டி வாங்கின அதே ஆலயம்தான்."

அண்ணன் எழுந்தார். யாரையும் பார்க்காமல் படியேறி மேலே போய்விட்டார். ஆமென் சொல்லப்படாமலே அன்று இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. ரேடியோவை யாரும் போடவில்லை.

மதியம் அண்ணி இறங்கி வந்தாள். "சாப்பாடு வேண்டாமாம். பக்கத்துல வெச்சிட்டு வந்துட்டேன், பூனை தின்னாத் தின்னட்டும்" என்றாள். சற்று நேரத்தில் மறுபடி வந்து, "செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய கிளம்பிட்டாரு. எங்கேன்னு கேட்டா பதில் இல்ல" என்றாள். இப்போது அவள் குரலிலும் கேலி இல்லை. இருட்டிய பிறகுதான் அவர் திரும்பினார். நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா தன் அறையில் துணிகளை மடிப்பதுபோல் எதையோ செய்துகொண்டிருந்தாள். போக வேண்டி வந்தால் எந்தப் பெட்டி போதும் என்றுகூட யோசித்துவிட்டாள், பைத்தியக்காரி.

சனிக்கிழமை காலை தளத்துக்குப் போனால் வெட்டுமேஜை காலியாக இருந்தது. துணிகள் ஓரத்தில் அடுக்கப்பட்டிருந்தன. மேஜையைச் சுற்றி வீட்டுச் சாப்பாட்டு நாற்காலிகள், ஆபீஸ் நாற்காலி, ஸ்டோர் அறை நாற்காலி என்று கையில் கிடைத்த எல்லாவற்றையும் அண்ணன் கொண்டுவந்து போட்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் குனிந்து ஒரு நாற்காலியை நேராக்கினார்.

கட்சிக்காரர் சிரித்த முகமாக வந்தார். பின்னால் போதகரும் படம் எடுக்கிறவரும் வந்தார்கள். "ஆரம்பிக்கலாமா? எல்லாரும் கையைக் கோத்துக்கிட்டா படம் நல்லா வரும். இன்னைக்கு யாரு ஜெபம்?"

"என் முறை" என்றார் அண்ணன்.

அவர் தளத்தில் ஜெபித்ததே கிடையாது. கேட்டு மட்டுமே பழக்கம். கண்ணை மூடினார். அவருடைய வழக்கமான ஆலயத் தமிழ் எங்கோ போய்விட்டது. அடுத்த வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் பேசினார். "ஆண்டவரே, நான் வேணும்னு பண்ணல. ஆனா உங்க இடத்துல நான் நின்னுட்டு இருந்திருக்கேன். மன்னிச்சிடுங்க. என்கிட்ட கேக்க வேண்டியதை இவங்க என்கிட்டயே கேக்கட்டும். கேக்கும்போது எனக்குக் கோபம் வரும்; இப்பவே லேசா வருது. அதை மட்டும் பாத்துக்கங்க. பூச்சியோட குழந்தையைப் பாத்துக்கங்க. அது உங்களாலதான் முடியும், என்னால முடியாது."

அத்தோடு முடித்துவிட்டார். அதில் எதையும் வாங்கிப் போடச் சொல்லவில்லை, எதையும் பழுது பார்க்கச் சொல்லவில்லை. எங்கே ஆமென் சொல்வது என்று தெரியாமல் தளம் முழித்தது. கத்தரி மாமா மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். கடைசியில் போதகர்தான் ஆமென் என்று முடித்து வைத்தார்.

"ஜெபம் முடிஞ்சுது. இனிமே பேச்சு" என்று அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சங்கத்துல யாரு பேசுறீங்க?"

"சங்கமா?" கட்சிக்காரர் அவர் காதருகே குனிந்தார். "ஐயா, தேர்தல் நேரத்துல இதெல்லாம் எதுக்கு? சண்டையே இல்லாத இடம்னு நோட்டீஸ்கூட அடிச்சாச்சு. நீங்க நிக்கிறீங்கல்ல?"

"சங்கத்துகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார் அண்ணன்.

போதகருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமல்போல் காட்டிச் சமாளித்தார். கட்சிக்காரர் படம் எடுக்கிறவரைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். போதகர் போகவில்லை. ஒரு ஓரத்தில் உட்கார்ந்து தேநீர் வாங்கிக் குடித்தார்.

பாட்டுக்காரி பேசினாள். முதல் விஷயமே பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு உட்கார்ந்து செய்கிற வேலையும் சம்பளத்தோடு விடுப்பும். விடுப்பு எவ்வளவு என்பதில் அண்ணன் குரலை உயர்த்தினார். பாட்டுக்காரியும் உயர்த்தினாள், அது தினமும் பாடிப் பழகிய குரல். அந்தத் தளத்தில் முதலாளியும் தொழிலாளியும் கத்திக்கொள்வது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு சத்தத்துக்கும் அக்கா கூரையை நிமிர்ந்து பார்த்தாள். கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. ஒரு விஷயம் முடிந்தது, இரண்டு விஷயங்கள் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயின, எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

அண்ணன் சாப்பாட்டு நாற்காலிகளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அக்காவும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். பாதிப் படியில் அவர் மூச்சு வாங்க நின்றார்.

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்" என்றார் திரும்பாமலே. "உனக்கு என்னம்மா வேணும்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன். பதில் வரல. பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு, 'எனக்கு மட்டும் வேண்டாம், எல்லாருக்கும் குடுங்க'ன்னு சொல்லிச்சு. அவ்வளவுதான். அதைக் கேக்க அவ்வளவு நேரம் உக்காரணும்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

அக்கா நாற்காலியைக் கீழே வைத்தாள். "என்மேல கோபமா அண்ணே?"

"ஆமா" என்றார். "அத்தனை பேர் முன்னாடி மானம் போச்சு."

"அதனாலதான் நேத்தே சொன்னேன். இன்னைக்குச் சொல்லியிருந்தா ஊர் முன்னாடியே போயிருக்கும்."

"அது தெரியாமலா இருக்கேன்?" அண்ணன் இப்போது திரும்பினார். இரவு முழுக்கத் தூக்கம் இல்லாத கண்கள் சிவந்திருந்தன. அவள் கீழே வைத்த நாற்காலியையும் எடுத்துத் தன் மறு தோளில் மாட்டிக்கொண்டார். "போனாப் போகுது. உன்கிட்டதானே போச்சு."

அக்கா படியிலேயே உட்கார்ந்து அழுதாள். மேலிருந்து அண்ணி, நாற்காலி இல்லாமல் எப்படிச் சாப்பிடுவதாம் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.